புது சர்வர்ல ஹெஸ்டியா கண்ட்ரோல் பேனல் போடுறது எப்படி, ஆரம்பத்துல இருந்து பேக்கப் வரைக்கும்

ஒரு விபிஎஸ், அதாவது இன்டர்நெட்ல வாடகைக்குக் கிடைக்கற சர்வர், வாங்கியாச்சு, உள்ள வெறும் லினக்ஸ் மட்டும் இருக்கு, உங்களுக்கு நாலஞ்சு வெப்சைட் ஓடணும், ஒவ்வொண்ணுக்கும் டேட்டாபேஸ் வேணும், சைட்ட எச்டிடிபிஎஸ்ல திறக்க வைக்கற எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட் வேணும், நாளைக்கு கஸ்டமர் யாராவது கேட்டா பாஸ்வேர்ட் மாத்திக் குடுக்கணும். எல்லாத்தையும் கமாண்ட் அடிச்சே பண்ணலாம், தெரிஞ்சவங்க பண்றாங்க. ஆனா பத்து சைட்டுக்கு மேல போயிட்டா எதை எங்க வச்சோம்னு நமக்கே பிடிபடாது, அதுக்குத்தான் கண்ட்ரோல் பேனல், இதையெல்லாம் பிரவுசர்லயே கிளிக் பண்ணி பாத்துக்கற சாஃப்ட்வேர். முன்னாடியெல்லாம் எல்லாரும் சிபேனல்தான் போடுவாங்க, 2019ல அவங்க அக்கவுண்ட் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி விலைய மாத்தினதுல இருந்து சின்ன அளவுல ஹோஸ்டிங் பண்றவங்க நிறைய பேரு இலவச பேனல் பக்கம் வந்துட்டாங்க. அதுல நான் ரெகமெண்ட் பண்றது ஹெஸ்டியா. லைட்டா இருக்கும், மெயில் டேட்டாபேஸ் ஃபயர்வால் எல்லாம் சேர்ந்தே வரும், ஓப்பன் சோர்ஸ்.

இன்ஸ்டாலேஷன் ஒரு கால் மணி நேர வேலைதான், அது பாட்டுக்கு ஓடும். அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதும், அதுக்கு அப்புறம் செய்ய வேண்டியதும்தான் முக்கியம், யூட்யூப் வீடியோல பெரும்பாலும் விட்டுர்றதும் அதுதான். அதனால அந்த ரெண்டுக்கும்தான் இங்க நிறைய இடம் குடுத்திருக்கேன்.

ஒரு சின்ன வரலாறு, இது தெரிஞ்சிருக்கணும். ஹெஸ்டியா வந்து வெஸ்டானு இருந்த பேனல்ல இருந்து 2018ல பிரிஞ்சு வந்தது. அதே வருஷம்தான் வெஸ்டாவோட சர்வர்லயே ஆள் புகுந்து இன்ஸ்டால் ஸ்கிரிப்ட மாத்தி வச்சிருந்தாங்க, புதுசா இன்ஸ்டால் பண்றவங்களோட அட்மின் பாஸ்வேர்ட் அந்த ஆளுங்க கைக்குப் போயிருச்சு. பேனல்ங்கிறது சர்வர்ல ரூட், அதாவது எதையும் மாத்தக்கூடிய முழு அதிகாரத்தோட ஓடுற விஷயம், அதுல ஓட்டை விழுந்தா எல்லா சைட்டும் மொத்தமா போச்சு. அதனால கமாண்ட எந்த பிளாக்ல இருந்தும் காப்பி பண்ணாதீங்க, ஹெஸ்டியாவோட சொந்த வெப்சைட்ல இருந்து மட்டும் எடுங்க, பேனல அப்டேட்லயே வச்சிருங்க.

சர்வர் எப்படி இருக்கணும்

டெபியன் 12 இல்லன்னா உபுண்டு 22.04, 24.04, இதுல ஏதாவது ஒண்ணு. சென்ட்ஓஎஸ் மாதிரி ரெட்ஹேட் குடும்பத்துல எல்லாம் ஹெஸ்டியா ஓடாது. முக்கியமா ஓஎஸ் ஃப்ரெஷ்ஷா இருக்கணும், ஏற்கனவே அப்பாச்சி வெப்சர்வர் போட்டு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் போட்டு ஏதோ சைட் ஓடிட்டிருக்க சர்வர்ல இதக் கொண்டு போய் வைக்காதீங்க, இன்ஸ்டாலரே நிறுத்தி கேக்கும், நீங்க ஃபோர்ஸ் குடுத்து தாண்டிப் போனீங்கன்னா பழைய கான்ஃபிக் எல்லாம் கலைஞ்சு ரெண்டும் கெட்டு நிக்கும். சர்வர் விக்கிறவங்க குடுக்கற "ரெடிமேட்" இமேஜ், அதாவது வேர்ட்பிரஸ் முன்கூட்டியே போட்டது, லாம்ப் (லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி சேர்ந்தது) போட்டது, அதுவும் வேணாம், வெறும் ஓஎஸ் மட்டும் எடுங்க.

ரேம் குறைஞ்சது 1 ஜிபி, ஆனா அதுல வைரஸ் ஸ்கேனர், ஸ்பாம் ஃபில்டர் ரெண்டையும் மறந்துடணும். 2 ஜிபி இருந்தா நாலஞ்சு சாதா வேர்ட்பிரஸ் சைட் நிம்மதியா ஓடும். ஹெஸ்டியாக்காரங்க ரெகமெண்ட் பண்றது 4 கோர், 4 ஜிபி ரேம், 40 ஜிபி எஸ்எஸ்டி. சைட் பாக்கறவங்க நம்ம ஊர் ஆளுங்கன்னா டேட்டாசென்டர் மும்பை, பெங்களூர், சென்னை மாதிரி பக்கத்துல எடுங்க, அமெரிக்காவுல கொஞ்சம் சீப்பா கிடைக்குதுன்னு எடுத்தா வேர்ட்பிரஸ் அட்மின் பக்கத்துல ஒவ்வொரு கிளிக்குக்கும் அந்த தாமதம் தெரியும்.

ரேம் 2 ஜிபியோ அதுக்கு கீழயோன்னா ஸ்வாப், அதாவது ரேம் பத்தாதப்போ டிஸ்க்ல இருந்து எடுத்துக்கற இடம், கண்டிப்பா போடுங்க, நிறைய கிளவுட் சர்வர்ல அது டிஃபால்ட்டா இருக்காது. ஃபால்லொகேட் கமாண்ட்ல 2 ஜிபிக்கு ஒரு ஃபைல் உருவாக்கி, பெர்மிஷன 600 ஆக்கி, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன் ரெண்டையும் ஓட்டி, ரீபூட் ஆனாலும் நிக்கற மாதிரி எஃப்எஸ்டேப் ஃபைல்ல ஒரு வரி சேத்துடுங்க. இது இல்லன்னா என்ன ஆகும்னா, ட்ராஃபிக் கொஞ்சம் ஏறினதும் மெமரி தீர்ந்து போய் லினக்ஸ் கர்னலே எது அதிகமா மெமரி தின்னுதோ அத கொன்னுடும், அது பெரும்பாலும் மரியாடிபிங்கற டேட்டாபேஸ் சர்வராதான் இருக்கும், உடனே எல்லா வேர்ட்பிரஸ் சைட்லயும் டேட்டாபேஸ் கனெக்ஷன் எரர் வந்து நிக்கும், காரணம் புரியாம தீமையும் ப்ளகினையும் நோண்டிட்டு இருப்போம்.

இன்ஸ்டாலுக்கு முன்னாடி

முதல்ல ஹோஸ்ட்நேம், அதாவது சர்வரோட பேரு. இது முழு டொமைன் பேரா இருக்கணும், வெறும் "சர்வர்"னு ஒத்த வார்த்தை வேணாம், உங்க மெயின் டொமைனையும் அப்படியே குடுக்காதீங்க, ஏன்னா அந்த டொமைன்ல பின்னாடி வெப்சைட் போடும்போது இடிக்கும். "பேனல்" அப்படின்னு ஒரு சப்டொமைன் வச்சுக்கோங்க, டிஎன்எஸ்ல அதுக்கு ஏ ரெக்கார்ட், அதாவது பேரையும் ஐபியையும் இணைக்கற வரி, போட்டு சர்வர் ஐபிய காட்டுங்க, இத இன்ஸ்டாலுக்கு முன்னாடியே பண்ணிட்டா பேனலுக்கு எஸ்எஸ்எல் வாங்கறப்போ காத்திருக்க வேண்டியதில்ல. சர்வர் கம்பெனியோட டேஷ்போர்டுல ரிவர்ஸ் டிஎன்எஸ், அதாவது பிடிஆர் ரெக்கார்ட்னு ஒண்ணு இருக்கும், அதுலயும் இதே பேரக் குடுங்க, மெயிலுக்கு அது தேவைப்படும்.

அப்புறம் எஸ்எஸ்எச் கீ, அதாவது தூரத்துல இருந்து சர்வர்ல லாகின் ஆக பாஸ்வேர்டுக்குப் பதிலா வச்சுக்கற சாவி ஃபைல். உங்க கம்ப்யூட்டர்ல ஒரு கீ உருவாக்கி சர்வர்ல சேத்துட்டு, அதுல லாகின் ஆகுதான்னு இன்னொரு விண்டோல பாத்துட்டு, பாஸ்வேர்ட் லாகின ஆஃப் பண்ணிடுங்க. ஏற்கனவே திறந்திருக்க விண்டோவ மூடிட்டு டெஸ்ட் பண்ணாதீங்க, கீ வேலை செய்யலன்னா வெளிய நிப்பீங்க. புது ஐபி கிடைச்ச கொஞ்ச நேரத்துலயே ரூட் பாஸ்வேர்ட ஊகிச்சு உள்ள வரப் பாக்கற பாட் எல்லாம் ஆரம்பிச்சுடும், லாக் ஃபைல திறந்து பாத்தா தெரியும்.

கிளவுட் கம்பெனிக்குன்னு தனி ஃபயர்வால் இருந்தா, செக்யூரிட்டி குரூப்னு சொல்லுவாங்க, அதுல 22, 80, 443, 8083 இந்த நாலு போர்ட்டையும் திறந்து விடுங்க. 8083தான் ஹெஸ்டியா பேனலோட போர்ட். இன்ஸ்டால் எல்லாம் சரியா முடிஞ்சும் பேனல் திறக்கலன்னா முதல்ல இங்க வந்து பாருங்க, சர்வருக்கு உள்ள இருக்க ஃபயர்வால் வேற, இது வேற.

கடைசியா ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேட் ரெண்டையும் ஓட்டி ஒரு தடவ ரீபூட் பண்ணிட்டா சர்வர் தயார்.

இன்ஸ்டாலர்ல எத டிக் பண்றது

ஹெஸ்டியா வெப்சைட்ல இன்ஸ்டால் பக்கத்துக்குப் போனா எது வேணும் எது வேணாம்னு டிக் பண்ற மாதிரி ஒரு லிஸ்ட் வரும், டிக் பண்ணி முடிச்சதும் அதுக்கேத்த கமாண்ட அதுவே எழுதிக் குடுக்கும், அத காப்பி பண்ணி ரூட்டா லாகின் ஆகி பேஸ்ட் பண்ணினா போதும். எத எடுக்கறதுங்கறதுலதான் யோசனை வேணும்.

அப்பாச்சி: வச்சுக்கோங்க. எஞ்சின்எக்ஸ்ங்கற இன்னொரு வெப்சர்வர் முன்னாடி நிக்கும், அப்பாச்சி பின்னாடி இருக்கும், எச்டிஆக்சஸ் (ஃபோல்டருக்குள்ள வைக்கற அப்பாச்சி செட்டிங்) ஃபைல நம்பி இருக்க வேர்ட்பிரஸ் ப்ளகின் எல்லாம் அப்படியே வேலை செய்யும். எச்டிஆக்சஸ் தேவையே இல்ல, எல்லாம் லாராவெல்ங்கற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்தான்னு தெளிவா தெரிஞ்சா மட்டும் அப்பாச்சிய எடுத்துட்டு எஞ்சின்எக்ஸும், பிஎச்பிய ஓட்டற பிஎச்பி எஃப்பிஎம்மும் மட்டும் வச்சுக்கலாம், ரேம் கொஞ்சம் மிச்சம்.

மல்டி பிஎச்பி: உங்க சொந்த சைட் மட்டும்னா வேணாம். கஸ்டமர் சைட் வரும், அதுல பழைய கோடு இருக்கும்னா ஆன் பண்ணுங்க, ஒரு சைட்டுக்கு 7.4 இன்னொண்ணுக்கு 8.3 அப்படின்னு தனித்தனியா வைக்கலாம். ஆனா 7.4க்கு 2022 நவம்பரோட செக்யூரிட்டி அப்டேட் நின்னு போச்சு, அத நிரந்தரமா வச்சிருக்கக் கூடாதுன்னு அந்த கஸ்டமர்கிட்ட அப்பவே சொல்லிடுங்க.

பைண்ட் டிஎன்எஸ்: இந்த சர்வரையே நேம்சர்வரா ஆக்கறது. உங்க டொமைனோட டிஎன்எஸ் ஏற்கனவே கிளவுட்ஃப்ளேர்லயோ டொமைன் வாங்கின இடத்துலயோ இருக்குன்னா இது வேணாம். ஒத்த சர்வர்ல நேம்சர்வரையும் வச்சா சர்வர் விழுந்தா டிஎன்எஸும் சேர்ந்து விழும்.

கிளாம்ஏவி: வைரஸ் ஸ்கேனர். அதோட டேட்டாபேஸ மெமரில ஏத்தறதுக்கே 1 ஜிபிக்கு மேல ரேம் போயிடும், 4 ஜிபிக்கு கீழ இருக்க சர்வர்ல ஆஃப். ஸ்பாம் ஃபில்டரான ஸ்பாம்அசாசினும் அதே மாதிரிதான், மெயில் இந்த சர்வர்ல வாங்கப் போறதில்லன்னா ரெண்டும் வேணாம். ஃபெயில்டுபேன் (திரும்பத் திரும்ப தப்பா லாகின் பண்ற ஐபிய தடுக்கறது), ஐபிடேபிள்ஸ் (ஃபயர்வால்) ரெண்டும் கண்டிப்பா ஆன்ல இருக்கணும்.

கமாண்ட் ஓட்டினதும் அட்மின் பேரு, ஈமெயில், ஹோஸ்ட்நேம் கேக்கும். அட்மினுக்கு "அட்மின்"ங்கற பேரையே வைக்காம வேற ஏதாவது வைங்க, அமேசான் மாதிரி சில இடத்துல டெபியன் இமேஜ்லயே அட்மின்னு ஒரு யூசர் இருக்கும், அதோட மோதும். நடுவுல நெட் கட் ஆனாலும் இன்ஸ்டால் நிக்காம இருக்க ஸ்கிரீன், டிமக்ஸ்னு ரெண்டு டூல் இருக்கு, அதுல ஒண்ணுக்குள்ள ஓட்டுங்க. முடிஞ்சதும் பேனல் அட்ரஸ், யூசர்நேம், பாஸ்வேர்ட் எல்லாம் ஸ்கிரீன்ல வரும், அத பாஸ்வேர்ட் மேனேஜர்ல சேவ் பண்ணிட்டு அப்புறம் கீய அழுத்துங்க, சர்வர் ரீபூட் ஆகும்.

பேனல்ல நுழைஞ்ச உடனே

பிரவுசர்ல ஹோஸ்ட்நேம் போட்டு பக்கத்துல 8083 போர்ட் குடுத்தா லாகின் பக்கம் வரும். சர்டிஃபிகேட் சரியில்லன்னு பிரவுசர் பயமுறுத்தினா ரூட்டா உள்ள போய் வி-ஆட்-லெட்ஸ்என்க்ரிப்ட்-ஹோஸ்ட் கமாண்ட ஓட்டுங்க, ஏ ரெக்கார்ட் சரியா இருந்தா உடனே நல்ல சர்டிஃபிகேட் வந்துடும். ஹெஸ்டியா கமாண்ட் எல்லாமே இப்படி "வி"ல ஆரம்பிக்கறது வெஸ்டா காலத்து மிச்சம். பேனல்ல மவுஸ்ல பண்ற எல்லாத்துக்கும் ஒரு வி கமாண்ட் இருக்கு, பின்னாடி ஸ்கிரிப்ட் எழுதறப்போ ரொம்ப உதவும்.

அடுத்து அட்மின் ப்ரொஃபைல்ல டூ ஃபேக்டர் ஆன் பண்ணுங்க, அதோட குடுக்கற ரெக்கவரி கோட எங்கயாவது பத்திரமா எழுதி வைங்க.

இப்போ ரொம்ப முக்கியமான ஒண்ணு, வெப்சைட்ட அட்மின் அக்கவுண்டுக்குள்ள போடாதீங்க. பேனலே எச்சரிக்கும், நிறைய பேரு அத தாண்டிப் போயிடறாங்க. ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒரு சாதா யூசர் உருவாக்கி, அந்த யூசருக்குள்ள டொமைன் சேருங்க. ஒவ்வொரு யூசரும் லினக்ஸ்லயும் தனி யூசர்தான், அதனால ஒரு சைட்ல ஏதோ திருட்டு ப்ளகின் வழியா ஹேக் ஆனாலும் பக்கத்து யூசரோட ஃபைல தொட முடியாது. உங்க சொந்த சைட்டா இருந்தாலும் முக்கியமானது ஒரு யூசர், டெஸ்டிங் எல்லாம் இன்னொரு யூசர்னு பிரிச்சு வைங்க.

வெப்சைட், எஸ்எஸ்எல்

யூசரா உள்ள போய் வெப் பகுதில டொமைன சேத்தா, ஹோம் ஃபோல்டர்ல யூசர் பேருக்குள்ள வெப், அதுக்குள்ள டொமைன் பேரு, அதுக்குள்ள பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டர் வரும், ஃபைல் எல்லாம் அங்கதான். லாராவெல் ஆளுங்க அட்வான்ஸ்டு ஆப்ஷன்ல கஸ்டம் டாக்குமெண்ட் ரூட்ட "பப்ளிக்" ஃபோல்டருக்கு மாத்தணும், இல்லன்னா உங்க என்வி ஃபைல், அதுல இருக்க டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், எல்லாம் வெளில தெரிய வாய்ப்பிருக்கு. வேர்ட்பிரஸ்னா குவிக் இன்ஸ்டால் பட்டன் இருக்கு, டேட்டாபேஸையும் அதுவே உருவாக்கிக்கும்.

எஸ்எஸ்எல்லுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் டிக் பண்ணி சேவ் பண்ணா போதும், 90 நாள் சர்டிஃபிகேட், தானா ரினீவ் ஆயிடும். எரர் வந்தா திரும்பத் திரும்ப சேவ் அழுத்தாதீங்க, ஒரு மணி நேரத்துல அஞ்சு தடவ ஃபெயில் ஆனா அந்தப் பேருக்கு கொஞ்ச நேரம் தர மாட்டாங்க. நிதானமா காரணத்த பாருங்க. ஏ ரெக்கார்ட் புது ஐபிக்கு வந்துடுச்சா, டபிள்யூ மூணு போட்ட பேருக்கும் ரெக்கார்ட் இருக்கா, 80 போர்ட் திறந்திருக்கா. இதெல்லாம் சரியா இருந்தும் வரலன்னா ஏஏஏஏ ரெக்கார்ட் இருக்கான்னு பாருங்க, பழைய ஹோஸ்டிங்கோட ஐபிவி6 அட்ரஸ் அப்படியே கிடக்கும், லெட்ஸ் என்க்ரிப்ட் அதத்தான் முதல்ல போய் தட்டும், அங்க நம்ம சர்வர் இல்ல, அதனால ஃபெயில். அத டிலீட் பண்ணிட்டு முயற்சி பண்ணுங்க.

கிளவுட்ஃப்ளேர்ல ஆரஞ்சு மேகம், அதாவது ட்ராஃபிக் அவங்க வழியா வர்ற ப்ராக்ஸி, ஆன்ல வச்சிருக்கவங்க எஸ்எஸ்எல் மோட ஃப்ளெக்சிபிள்ல விடாம ஃபுல் ஸ்ட்ரிக்ட்ல வைங்க, இல்லன்னா எச்டிடிபிஎஸ் ரீடைரக்ட் சுத்திக்கிட்டே இருக்கும், சைட் திறக்காது. பேனல் சப்டொமைனுக்கு மேகத்த ஆஃப் பண்ணிடுங்க, 8083 போர்ட்ட அவங்க கடத்தி விட மாட்டாங்க.

மெயில் விஷயத்துல அவசரப்படாதீங்க

பேனல்ல மெயில் அக்கவுண்ட் உருவாக்கறது ரெண்டு நிமிஷம், அந்த மெயில் எதிராளியோட இன்பாக்ஸுக்குப் போய் சேர்றதுதான் பெரிய வேலை. பெரும்பாலான கிளவுட் கம்பெனிங்க புது அக்கவுண்டுக்கு மெயில் அனுப்பற 25 போர்ட்ட வெளிய போகவே விட மாட்டாங்க, டிக்கெட் போட்டுக் கேக்கணும், கேட்டாலும் சில இடத்துல இல்லம்பாங்க. அதத் தாண்டினாலும் உங்களுக்கு வந்த ஐபிய முன்னாடி யாராவது ஸ்பாமுக்கு பயன்படுத்தியிருக்கலாம். 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயில், அனுப்பற எல்லாருக்குமே எஸ்பிஎஃப் இல்லன்னா டிகேஐஎம் (மெயில் உங்க டொமைன்ல இருந்துதான் வருதுன்னு காட்டற டிஎன்எஸ் ரெக்கார்ட்) இருக்கணும்னு கண்டிஷன் போட்டிருக்கு, ஒரு நாளைக்கு 5000க்கு மேல அனுப்பறவங்களுக்கு ரெண்டும் வேணும், அந்த செக்ல ஃபெயில் ஆன மெயில என்ன பண்றதுன்னு சொல்ற டிமார்க்கும் சேர்த்து.

அதனால என் அபிப்ராயம், கஸ்டமரோட பிசினஸ் மெயில், அதாவது பில்லு, கொட்டேஷன் எல்லாம் போற மெயில, இந்த சர்வர்ல வைக்காதீங்க. அவங்களுக்கு தனி மெயில் சர்வீஸ் வாங்கிக் குடுங்க, மாசத்துக்கு கொஞ்சம் காசு ஆனாலும் அவங்க தொழில் நம்பி நிக்கறது அதுலதான். சைட்ல இருந்து போற ஆர்டர் மெயில், பாஸ்வேர்ட் ரீசெட் மெயிலுக்கு ஹெஸ்டியாவோட சர்வர் செட்டிங்ல எஸ்எம்டிபி ரிலேன்னு இருக்கு, மெயில் அனுப்பற சர்வீஸ் ஏதாவது ஒண்ணுல அக்கவுண்ட் எடுத்து அந்த ஹோஸ்ட், 587 போர்ட், யூசர்நேம், பாஸ்வேர்ட் குடுத்துட்டா மெயில் அது வழியா போகும், 25 போர்ட் பிரச்சனையே வராது.

இல்ல, முழு மெயிலும் இங்கதான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, மெயில் டொமைன் பக்கத்துல டிஎன்எஸ் ரெக்கார்ட்ஸ்னு ஒரு பட்டன் இருக்கும், அதுல காட்டற எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் நாலையும் எழுத்து மாறாம உங்க டிஎன்எஸ்ல போடுங்க, மெயிலுக்கான ஏ ரெக்கார்டுக்கு மேகம் ஆஃப்ல இருக்கணும், பிடிஆர் ஹோஸ்ட்நேமோட ஒத்துப் போகணும். ஃபயர்வால்ல 25 உள்ள வர்றதுக்கு, அப்புறம் 465, 587, 993 திறக்கணும்.

பேக்கப், அப்டேட், வெளிய மாட்டிக்கிட்டா என்ன பண்றது

ஹெஸ்டியா தினமும் விடியக்காலைல ஒவ்வொரு யூசரையும் ஒரு டார் ஃபைலா பேக்கப் எடுக்கும், சைட், டேட்டாபேஸ், மெயில், கிரான் (நேரம் குறிச்சு தானா ஓடற வேலை) எல்லாம் அதுலயே. ஆனா அது போய் உக்கார்றது அதே சர்வர்ல, பேக்கப்ங்கற ஃபோல்டர்ல. டிஸ்க் போனா ரெண்டும் போச்சு, பில் கட்ட மறந்து சர்வர அழிச்சாலும் ரெண்டும் போச்சு. அதனால சர்வர் செட்டிங்ல பேக்கப் பகுதிக்குப் போய் ரிமோட் பேக்கப் ஆன் பண்ணுங்க, எஸ்எஃப்டிபி, பேக்பிளேஸ் பி2, ஆர்குளோன் எல்லாம் இருக்கு, ஆர்குளோன் எடுத்தா கூகுள் டிரைவ் மாதிரி எங்க வேணா அனுப்பலாம். இடம் சர்வர் கம்பெனியோடதா இல்லாம வேற கம்பெனியா இருக்கட்டும். எத்தன பேக்கப் வச்சிருக்கணும்ங்கறது பேக்கேஜ் செட்டிங்ல இருக்கு, டிஸ்க் சின்னதுன்னா லோக்கல்ல அதிகம் வைக்காதீங்க, டிஸ்க் நிறைஞ்சா மரியாடிபி எழுத முடியாம நிக்கும்.

எடுத்த பேக்கப் திரும்ப எழும்புதான்னு ஒரு தடவையாவது பாத்துடுங்க. மணிக்கணக்குல வாடகை வாங்கற சர்வர் ஒண்ணு எடுத்து, அதுலயும் ஹெஸ்டியா போட்டு, அந்த டார் ஃபைல அங்க பேக்கப் ஃபோல்டர்ல வச்சு வி-ரீஸ்டோர்-யூசர் கமாண்ட்ல யூசர் பேரும் ஃபைல் பேரும் குடுத்தா மொத்தமும் வரணும். உங்க கம்ப்யூட்டரோட ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல டொமைனுக்கு அந்தப் புது ஐபிய போட்டா டிஎன்எஸ் மாத்தாமலே சைட் எப்படி வருதுன்னு பாக்கலாம், பாத்து முடிச்சதும் அந்த வரிய எடுத்துட்டு சர்வர அழிச்சிடலாம். பின்னாடி சர்வர் மாத்தணும்னாலும் இதே வழிதான்.

அப்டேட் பேனல்ல தானா நடக்கற மாதிரி ஆன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க, ஓஎஸ் அப்டேட்டுக்கு ஆப்ட் அப்கிரேட் தனியா ஓட்டுங்க, கர்னல் மாறினா ரீபூட் பண்ணுங்க, அதுக்கு முன்னாடி அன்னிக்கு பேக்கப் ஓடியிருக்கான்னு பாருங்க.

பாஸ்வேர்ட திரும்பத் திரும்ப தப்பா அடிச்சா ஃபெயில்டுபேன் உங்க ஐபியவே பிளாக் பண்ணிடும், பேனலும் திறக்காது, சர்வர் செத்துப்போச்சுன்னு தோணும். பதறி ரீஇன்ஸ்டால் பண்ணிடாதீங்க. போன்ல வைஃபைய ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டால பேனல திறங்க, ஃபயர்வால் பகுதில பேன் ஆன ஐபி லிஸ்ட் இருக்கும், அதுல உங்க வீட்டு ஐபிய எடுத்து விட்டா போதும். போன்லயும் திறக்கலன்னா சர்வர் கம்பெனி டேஷ்போர்டுல கன்சோல்னு ஒண்ணு இருக்கும், அதுக்கு நெட்வொர்க் வழி தேவையில்ல. ஆனா அதுல எஸ்எஸ்எச் கீ உதவாது, ரூட் பாஸ்வேர்ட்தான் கேக்கும், அதனால அந்தப் பாஸ்வேர்டையும் இப்பவே பாஸ்வேர்ட் மேனேஜர்ல போட்டு வச்சுடுங்க.